ஹேக்: ஒரே பெயருக்குள் பல ஊர்கள்

2025 மார்ச்சில் பிலிப்பைன்ஸின் முன்னாள் அதிபர் ரொட்ரிகோ துதெர்த்தே கைது செய்யப்பட்டு விமானத்தில் கொண்டுசெல்லப்பட்ட ஊர் ஹேக். 2024 ஜனவரியில் காசா போர் தொடர்பாக இஸ்ரேலுக்கு எதிராகத் தென்னாப்பிரிக்கா வாதாடிய ஊரும், 2019 ஜூலையில், பாகிஸ்தானில் மரண தண்டனை விதிக்கப்பட்ட இந்தியர் குல்பூஷண் ஜாதவின் வழக்கில் தீர்ப்பு வாசிக்கப்பட்ட ஊரும் அதுவே. ‘ஹேக் நீதிமன்றம்’ என்ற ஒரே தொடரால் செய்திகள் இவற்றைச் சொல்லிவிடுவதால், மூன்றும் ஒரே கட்டடத்தில் நடந்தன என்றே வாசகர் பலர் எண்ணுகின்றனர். முதலாவது விவகாரம் ஒரு நீதிமன்றத்துக்கு உரியது. மற்ற இரண்டும் முற்றிலும் வேறொரு நீதிமன்றத்துக்கு உரியவை. இரண்டு நீதிமன்றங்களும் ஊரின் வெவ்வேறு பகுதிகளில் இருக்கின்றன.

அந்த ஊருக்குச் சுற்றுலா செல்பவரையும் இதே குழப்பம் தொடர்கிறது. ஆம்ஸ்டர்டாமிலிருந்து ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் ஹேக் வந்துவிடும். வந்து இறங்கியவர் இது நாட்டின் தலைநகரமா, அலுவலகங்களின் ஊரா, கடற்கரை ஊரா என்று பிடிபடாமல், புகழ்பெற்ற ஓவியம் ஒன்றைப் பார்த்துவிட்டு மாலையில் திரும்பிவிடுகிறார். ஐந்தரை லட்சத்துக்கு மேற்பட்டோர் வாழும், நெதர்லாந்தின் மூன்றாவது பெரிய நகரமான இதற்கு ஒற்றை மையம் கிடையாது. அரசவையைச் சுற்றி வளர்ந்த பழைய ஊர் ஒன்று, கடலோரத்து மீனவக் கிராமம் ஒன்று, இரண்டுக்கும் நடுவே பின்னாளில் எழுந்த வளமான குடியிருப்புகள் என்று அது பிரிந்து கிடக்கிறது. ஏன் இப்படி அமைந்தது என்பது புரிந்தால் எதை எந்த வரிசையில் பார்ப்பது என்பதும் தானாகவே விளங்கும்.

மணல் மேட்டிலும் சதுப்பிலும்

விளக்கத்தை நிலத்திலிருந்து தொடங்க வேண்டும். வட கடல் பல்லாயிரம் ஆண்டுகளாக ஒதுக்கிய மணல், இன்றைய கரைக்கு இணையாக அடுத்தடுத்த முகடுகளாகப் படிந்திருக்கிறது. முகடுகளுக்கு இடைப்பட்ட பள்ளங்களில் நீர் தேங்கி, செடிகொடிகள் பாதி மட்கிய நிலையில் சேர்ந்து, பீட் எனப்படும் கருமையான சதுப்பு மண் உருவானது. மணல் முகட்டில் கட்டிய வீடு ஈரமில்லாமல் உறுதியாக நிற்கும். பீட் மண்ணில் கட்டிய வீடோ நீர்மட்டம் இறங்க இறங்கத் தானும் இறங்கும். ஆகவே வசதி படைத்தவர்கள் மணலிலும் தொழிலாளர்கள் சதுப்பிலும் குடியேறினர்.

இந்தப் பிரிவினை பேச்சுவழக்கிலேயே பதிந்துவிட்டது. மணலில் வாழ்பவர் ‘ஹாகனார்’, சதுப்பில் வாழ்பவர் ‘ஹாகனேஸ்’ என்று ஊர்க்காரர்கள் இன்றும் வேடிக்கையும் வினையுமாகச் சொல்வதுண்டு. கடலுக்கு இணையாக நீண்டு ஓடும் லான் ஃபான் மேர்டர்ஃபோர்ட் என்ற சாலைதான் எல்லை என்பார்கள். தெற்கிலிருந்து டிராமில் ஏறிக் கடலை நோக்கிச் செல்லும்போது, சன்னலுக்கு வெளியே நெருக்கமான செங்கல் வரிசை வீடுகள் விலகி, மரங்களும் தோட்டங்களும் கோபுரம் வைத்த மாளிகைகளும் வரத் தொடங்குவதைக் கவனித்தால், மண் மாறிவிட்டது என்று பொருள்.

தலைநகரம் அல்ல, அரசு மட்டும் இங்கே

ஊரின் முழுப் பெயர் ‘ஸ்கிராவன்ஹாக’. ‘பிரபுவின் வேலியிட்ட காடு’ என்று அதைப் பொருள் கொள்ளலாம். ஹாலந்துப் பகுதியை ஆண்ட பிரபுக்கள் 13ஆம் நூற்றாண்டில் இங்கே ஒரு குளக்கரையில் தங்குமிடம் அமைத்தனர். 1248இல் ஜெர்மானிய அரசராக முடிசூடிய இரண்டாம் வில்லியம் அதை அரண்மனையாக விரிவுபடுத்தினார். அவர் மகன் ஐந்தாம் ஃபுளோரிஸ் காலத்தில் ரிடர்சால் என்ற பெருமண்டபம் எழுந்தது. இவற்றைச் சூழ்ந்த வளாகமே ‘பினன்ஹோஃப்’, அதாவது உள்முற்றம். ஊர் என்பது இந்த முற்றத்துக்குப் பணிசெய்ய வந்தவர்களைக் கொண்டு உருவானது. வணிகரோ கைவினைஞர் சங்கமோ உருவாக்கியதன்று.

அதனால் ஒரு விசித்திரம் நேர்ந்தது. டெல்ஃப்டும் லெய்டனும் இடைக்காலத்திலேயே மதிலும் நகர உரிமையும் பெற்றிருக்க, டச்சுக் குடியரசின் பொதுச்சபை 1588 முதல் நிலையாகக் கூடிய ஹேக்குக்கு அந்த உரிமை வாய்க்கவேயில்லை. நெப்போலியனின் தம்பி லூயி போனபார்ட் ஹாலந்தின் மன்னராக்கப்பட்ட 1806இல்தான் அது ‘நகரம்’ என்ற தகுதியைப் பெற்றது. அதே லூயி இரண்டே ஆண்டுகளில் தம் அரசவையை ஆம்ஸ்டர்டாமுக்கு மாற்றிக்கொண்டார். பிரெஞ்சு ஆதிக்கம் ஒழிந்து முடியாட்சி நிறுவப்பட்டபோது ஆட்சி மீண்டும் ஹேக்குக்கு வந்தது. ஆனால் 1814ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, மன்னர் பதவியேற்க வேண்டிய தலைநகரம் என்று ஆம்ஸ்டர்டாமையே குறித்தது. இன்றும் நிலைமை அதுதான். நாடாளுமன்றம், அமைச்சகங்கள், உச்ச நீதிமன்றம், வெளிநாட்டுத் தூதரகங்கள், மன்னரின் அலுவலக அரண்மனை எல்லாம் ஹேக்கில். தலைநகரம் என்ற பட்டம் மட்டும் ஆம்ஸ்டர்டாமில்.

பினன்ஹோஃபைக் காண வருபவர் ஏமாற வாய்ப்புள்ள இடம் இது. 2021இல் தொடங்கிய பெரும் புனரமைப்பு ஐந்தரை ஆண்டுகளில் முடியும் என்றார்கள். காலமும் செலவும் நீண்டுகொண்டே போகின்றன. இங்கே கூடிவந்த நாடாளுமன்றக் கீழவை தற்காலிகக் கட்டடத்துக்குப் பெயர்ந்துவிட்டது. ஒவ்வொரு செப்டம்பரிலும் மூன்றாவது செவ்வாய்க்கிழமை மன்னர் குதிரை வண்டியில் வந்து அரசின் திட்டங்களை வாசிக்கும் ‘பிரின்சஸ்டாக்’ நிகழ்ச்சியும், ரிடர்சாலுக்குப் பதில் அருகிலுள்ள அரச நாடக அரங்கில் நடக்கிறது. பிரதமரின் அலுவலகமாக இருந்த சிறு கோபுரத்தையும் மண்டபங்களின் வரிசையையும் ஹோஃப்ஃபைஃபர் குளத்தின் எதிர்க்கரையிலிருந்து, சாரங்களோடும் பாரந்தூக்கிகளோடும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கும்.

குளத்தின் மூலையில் உள்ள மௌரித்ஸ்ஹௌஸ் அருங்காட்சியகம் இந்தப் பணியால் மூடப்படவில்லை. பிரேசிலில் இருந்த டச்சுக் குடியேற்றத்தின் ஆளுநர் யோஹான் மௌரித்ஸ் தமக்காகக் கட்டிக்கொண்ட இந்த மாளிகைக்குச் சர்க்கரைத் தோட்டங்களும் அடிமை வணிகமும் அடித்தளம் இட்டன என்பதை அருங்காட்சியகமே இப்போது எடுத்துச் சொல்கிறது. கூட்டம் முழுவதும் டச்சு ஓவியர் வெர்மீரின் ‘முத்துத் தோடணிந்த பெண்’ ஓவியத்தின் முன்னால் நிற்கும். ஒன்றரை அடி உயரம்கூட எட்டாத அந்தப் படம் 1881இல் இதே ஊரில் நடந்த ஏலம் ஒன்றில் அக்கால டச்சு நாணயத்தில் இரண்டு கில்டர் சொச்சத்துக்கு விலைபோனது. வாங்கியவர் தம் இறப்புக்குப் பின் அதை அருங்காட்சியகத்துக்கு விட்டுச் சென்றார். நெருங்கிப் பார்த்தால் முத்து என்று நாம் நம்புவது வெள்ளை வண்ணத்தின் இரண்டு தீற்றல்கள்தான். தொங்குவதற்குக் கொக்கிகூட வரையப்படவில்லை. கூட்டத்தில் இடிபடப் பொறுமையில்லாதவர், அதே ஓவியரின் டெல்ஃப்ட் நகரக் காட்சியின் முன் நின்றால் இன்னும் நிறைவு பெறலாம் என்பது இக்கட்டுரையின் கருத்து.

எந்த நீதிமன்றம், எங்கே

1899இல் ரஷ்ய மன்னரின் அழைப்பை ஏற்று நாடுகளின் முதல் அமைதி மாநாடு ஹேக்கில் கூடியது. போரைத் தடுக்க முடியாவிட்டாலும், பூசல்களைப் பேசித் தீர்க்க நிரந்தர ஏற்பாடு ஒன்றாவது வேண்டும் என்று அது முடிவு செய்தது. அதற்கொரு கட்டடம் எழுப்ப அமெரிக்க எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னெகி 15 லட்சம் டாலர் கொடுத்தார். அமைதி அரண்மனை 1913 ஆகஸ்ட் 28 அன்று திறக்கப்பட்டது. அடுத்த ஆகஸ்டுக்குள் ஐரோப்பா முழுவதும் போர் மூண்டுவிட்டது.

இன்று ‘ஹேக்’ என்ற பெயரில் செய்தியில் அடிபடும் அமைப்புகளை இவ்வாறு பிரித்தறியலாம்:

1. நிரந்தர நடுவர் நீதிமன்றம். 1899 மாநாட்டின் பிள்ளை. இருப்பது அமைதி அரண்மனையில். பெயரில் நீதிமன்றம் என்று இருந்தாலும், ஒவ்வொரு வழக்குக்கும் தனித்தனியாக அமைக்கப்படும் நடுவர் தீர்ப்பாயங்களுக்கு அலுவலகமாக இருப்பதே இதன் முதன்மைப் பணி. தமிழ் வாசகருக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு உண்டு. 2012 பிப்ரவரியில் கேரளக் கடலுக்கு அப்பால் ‘என்ரிகா லெக்சி’ என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலிலிருந்து சுடப்பட்டதில் இரண்டு இந்திய மீனவர்கள் இறந்தனர். அவர்களில் ஒருவர் கன்னியாகுமரி மாவட்டத்தவர். கடல்சட்ட உடன்படிக்கையின் கீழ் அமைந்து, இந்த அலுவலகத்தின் துணையோடு செயல்பட்ட தீர்ப்பாயம், இத்தாலியக் கடற்படையினர் இருவரையும் இந்தியா விசாரிக்க இயலாது, ஆனால் இத்தாலி இழப்பீடு தர வேண்டும் என்று 2020இல் முடிவு கூறியது. பத்துக் கோடி ரூபாய் செலுத்தப்பட்டபின் 2021 ஜூனில் இந்திய உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்துவைத்தது.

2. சர்வதேச நீதிமன்றம். இதுவும் அமைதி அரண்மனையில்தான். ஐக்கிய நாடுகள் சபையின் உறுப்பாக 1946இல் பணி தொடங்கியது. 15 நீதிபதிகள், ஒவ்வொருவருக்கும் ஒன்பது ஆண்டுப் பதவிக்காலம். இங்கே வழக்காடக்கூடியவை நாடுகள் மட்டுமே. ஜாதவ் வழக்கில்கூட இந்தியாவும் பாகிஸ்தானும்தான் எதிரெதிரே நின்றன. இந்த நீதிமன்றத்தால் எவரையும் கைது செய்யச் சொல்லவோ சிறையிலடைக்கவோ முடியாது.

3. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம். துதெர்த்தே கொண்டுவரப்பட்டது இதன் காவலுக்கு. 1998இல் ரோமில் உருவான உடன்படிக்கையால் அமைந்து, 2002 ஜூலை முதல் செயல்படும் இது ஐ.நா.வின் உறுப்பு அன்று. இனப்படுகொலை, மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்கள், போர்க்குற்றங்கள் போன்றவற்றுக்காகத் தனிமனிதர்களை விசாரிப்பது இதன் வேலை. இந்தியாவும் இலங்கையும் இதில் உறுப்பு நாடுகள் அல்ல. 2015இன் இறுதியில் ஸ்கேவனிங்கன் என்ற கடலோரப் பகுதியின் மணற்குன்றுகளை ஒட்டிய பழைய படைமுகாம் நிலத்தில் எழுந்த நிலையான கட்டடத்துக்கு இது குடிபெயர்ந்தது.

இந்த வேறுபாடு பார்வையாளருக்கும் பயன்படும். அமைதி அரண்மனையின் வாயிலருகே உள்ள பார்வையாளர் மையத்துக்கு எவரும் செல்லலாம். உள்ளே செல்ல, வழிகாட்டியோடு குறிப்பிட்ட நாள்களில் மட்டும் நடக்கும் சுற்றுக்கு முன்பதிவு வேண்டும். மாறாகக் குற்றவியல் நீதிமன்றத்தில் விசாரணை நடக்கும் நாளில் அடையாள அட்டையோடு சென்றால், கண்ணாடிக்குப் பின்னால் உள்ள பொதுமக்கள் பகுதியில் அமர்ந்து நேரடியாகக் கேட்க முடியும். உள்ளே செல்ஃபோனுக்கு அனுமதி இல்லை. உலகின் கொடிய குற்றச்சாட்டுகள் பெரும்பாலும் ஆவண எண்களாகவும் மொழிபெயர்ப்பாளரின் சலிப்பற்ற குரலாகவும் காதில் விழுவதை அங்கே அமர்ந்தவர்தான் அறிவார்.

ஸ்கேவனிங்கன்: மீனும் குளியலும்

கடற்கரை ஊர் என்று ஹேக்கைச் சொல்ல வைப்பது ஸ்கேவனிங்கன். அதன் பெயரை ஊர்க்காரர் உச்சரிக்கும்போது, ‘ஸ்’ தனியாகவும் தொண்டையில் உரசும் ‘ஹ’ தனியாகவும் கேட்கும். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியரை அடையாளம் காண இந்தச் சொல்லைச் சொல்லச் சொல்வார்களாம். நம் ழகரத்தைக் கொண்டு ஆளை எடைபோடுவது போலத்தான்.

பழைய ஹேக்குக்கும் இந்தக் கிராமத்துக்கும் இடையில் 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை மணலில் கால்புதைய நடக்க வேண்டியிருந்தது. கவிஞரும் அரசு அதிகாரியுமான கான்ஸ்டன்டைன் ஹௌகன்ஸ் வகுத்த திட்டப்படி, மணற்குன்றுகளை அறுத்துக்கொண்டு நேர்கோடாக ஓடும் கல்பாவிய சாலை 1665இல் போடப்பட்டது. செலவை மீட்கச் சுங்கமும் வைத்தார்கள். அதே சாலையில்தான் இன்று 1ஆம் எண் டிராம் ஓடுகிறது.

மீனவர்களுக்குத் துறைமுகம் கிடையாது. ஆகவே ‘பொம்ஸ்கௌட்’ எனப்படும் தட்டை அடிப்பாகம் கொண்ட கனத்த படகுகளைக் கரையிலேயே ஏற்றி நிறுத்தினர். 1818இல் யாக்கோப் பிரோங்க் என்பவர் கடல்குளியலுக்காக மரத்தால் ஒரு சிறு விடுதி அமைத்தார். அதுவே வளர்ந்து 1885இல் கூர்ஹௌஸ் என்ற பெருவிடுதியாயிற்று. அடுத்த ஆண்டே அது எரிந்து, 1887இல் மீண்டும் எழுந்தது. பணக்காரர் குளிக்கும் அதே கரையில் படகும் வலையும் மீன்வாடையும். எது விலகும் என்ற கேள்வியை மனிதர் தீர்க்கும் முன் கடல் தீர்த்தது: 1894 டிசம்பரில் வீசிய புயல் கரையிலிருந்த படகுகளை ஒன்றோடொன்று மோத விட்டு நொறுக்கியது. அதற்குப் பின்னரே துறைமுகம் கேட்டவர்களின் குரல் எடுபட்டது. 1904இல் துறைமுகம் திறந்தது.

அந்தப் புயலுக்கு முந்திய கரையை இன்றும் காண முடியும் என்பதே இந்த ஊரின் பெரிய வியப்பு. அமைதி அரண்மனையிலிருந்து சற்றுத் தொலைவில், சேஸ்ட்ராட் தெருவில் பனோரமா மெஸ்டாக் உள்ளது. ஓவியர் ஹென்ட்ரிக் வில்லம் மெஸ்டாகும் அவர் மனைவி சீன்யேயும் வேறு சில ஓவியர்களும் சேர்ந்து 1881இல் முடித்த வட்ட ஓவியம் இது. உயரம் சுமார் 14 மீட்டர், சுற்றளவு சுமார் 120 மீட்டர். இருண்ட நடையைக் கடந்து சுழல்படி ஏறினால், திடீரென்று ஒரு மணற்குன்றின் உச்சியில் நிற்பது போல் ஆகிறது. காலடியில் கிடப்பது மெய்யான மணல். அதில் கிடக்கும் வலையும் மரச்செருப்பும் மெய்யானவை. மெய்ம்மணல் முடிந்து வரைந்த மணல் தொடங்கும் கோட்டைத் தேடித் தேடிக் கண் தோற்கிறது. விளக்குகள் இல்லை, மறைவான கூரைக் கண்ணாடி வழியே பகல் வெளிச்சம் மட்டும் இறங்குகிறது. வெளியே வானத்தில் ஒரு மேகம் கடந்தால், உள்ளே 1881ஆம் ஆண்டின் கடல்மீதும் நிழல் விழும். ஓவியர் நின்று பார்த்த அந்தக் குன்று கட்டடங்களுக்காகப் பின்னர் தட்டையாக்கப்பட்டது.

ஒரே ஒரு நாள் மட்டும் கைவசம் உள்ளவர், முதலில் இந்த ஓவியத்தையும் பின்னர் மெய்யான கடற்கரையையும் பார்ப்பது நல்லது. வரிசை மாறினால் ஒப்பிட்டுப் பார்க்கும் சுவை போய்விடும்.

மணலை நிறுத்தி வைத்தல்

இன்றைய ஸ்கேவனிங்கன் கரையில் நடப்பவருக்கு அகன்ற உலாச்சாலையும் படிகளும் தெரியும், கடலணை தெரியாது. 2013இல் நிறைவுற்ற, ஸ்பானியக் கட்டடக் கலைஞர் மனுவேல் தே சோலா-மொராலஸ் வடிவமைத்த அந்தச் சாலைக்கு அடியிலேயே அணை புதைந்திருக்கிறது. கடல் காட்சியை மறைக்காமல் ஊரைக் காக்க இதுவே வழியாயிற்று. சாலை ஏன் வளைந்து வளைந்து செல்கிறது, ஏன் தளம் தளமாக இறங்குகிறது என்ற கேள்விகளுக்கு விடை அழகியலில் பாதி, நீரியலில் பாதி.

தெற்கே கைக்டௌன் என்ற கடற்கரைப் பகுதியைத் தாண்டினால் இன்னும் துணிச்சலான முயற்சி ஒன்று இருக்கிறது. அலை அரித்துச் செல்லும் மணலை ஈடுசெய்ய, நெதர்லாந்து 1990 முதல் கடலடி மணலை உறிஞ்சி எடுத்துக் கரையில் கொட்டி வருகிறது. இதைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் மீண்டும் செய்ய வேண்டும். அதற்குப் பதிலாக 2011இல் சுமார் 2.15 கோடி கன மீட்டர் மணலை ஒரே இடத்தில், 128 ஹெக்டேர் பரப்பில், கடலுக்குள் நீளும் கொக்கி போலக் குவித்தார்கள். காற்றும் அலையும் நீரோட்டமும் அதைச் சுமார் இருபது ஆண்டுகளில் கரை நெடுகப் பரப்பிவிடும் என்பது கணக்கு. இதற்கு ‘சான்ட்மோட்டர்’, மணல் எஞ்சின், என்று பெயரிட்டனர். ஆண்டுக்கு ஆண்டு வடிவம் மாறுவதால் பழைய வரைபடத்தை நம்பிப் போவது பயன் தராது. நீரோட்டம் மாறும் இடமாதலால் குளிப்போர் எச்சரிக்கைப் பலகைகளைப் பார்க்க வேண்டும். கடலடியிலிருந்து வந்த மணல் என்பதால், வட கடல் வறண்ட சமவெளியாக இருந்த பனியுகக் காலத்து மம்மூத் யானைகளின் பல்லும் எலும்பும் நடப்பவர் காலில் தட்டுப்படுவதுண்டு.

சுற்றுலாப் பட்டியலில் வராதவை

மத்திய ரயில் நிலையத்தை ஒட்டியே தேசிய ஆவணக் காப்பகம் நிற்கிறது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆவணங்கள் இங்கே ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் அடுக்குகளில் உள்ளன. 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தவை. அந்தக் கம்பெனியின் சுருக்கப் பெயர் வி.ஓ.சி. நமக்கு அந்த எழுத்துகள் வேறொருவருடையவை. அவர் கப்பல் விட்ட தூத்துக்குடியே ஒரு காலத்தில் இந்த மற்ற வி.ஓ.சி.யிடம் இருந்தது. பழவேற்காடு, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் ஆகிய ஊர்களிலிருந்து சென்ற கடிதங்களும் கணக்குகளும் இந்த அடுக்குகளில் அடக்கம். சோழர் காலத்து ஆனைமங்கலச் செப்பேடுகளை இங்கே தேடுவோர் உண்டு. அவை போய்ச் சேர்ந்தது அருகிலுள்ள லெய்டன் பல்கலைக்கழகத்துக்கு.

இரண்டாவது, சதுப்பு மண் பகுதியிலுள்ள ஹாக்ஸ மார்க்ட் என்ற திறந்தவெளிச் சந்தை. 1873 முதல் வட இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகச் சுரினாமுக்குக் கப்பலேற்றப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் பலர் 1970களில் ஹேக்கில் குடியேறினர். அவர்கள் கடைகளில் விற்கும் ‘பாரா’ உளுந்து மாவில் நடுவே துளையிட்டுப் பொரித்தது. வடையின் ஒன்றுவிட்ட தங்கை என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

வழியும் வரிசையும்

ஊரில் பெரிய ரயில் நிலையங்கள் இரண்டு: டென் ஹாக் சென்ட்ரால், ஹாலன்ட்ஸ் ஸ்போர். பயணச்சீட்டு வாங்குமுன் எதில் இறங்குகிறோம் என்று பார்ப்பது நல்லது. இரண்டுக்கும் இடையே டிராம் உண்டு. டிராமில் வங்கி அட்டையை ஏறும்போதும் இறங்கும்போதும் கருவியில் தொட வேண்டும். இறங்கும்போது மறந்தால் கூடுதல் கட்டணம் பிடிக்கப்படும். கரையில் வரிசையாக நிற்கும் உணவகங்களில் பல, வசந்தத்தில் கட்டி இலையுதிர்காலத்தில் பிரித்து எடுக்கப்படுபவை; நவம்பரில் செல்பவருக்கு மணலும் காற்றும்தான் மிஞ்சும்.

நடக்க விரும்புவோருக்கு ஊரைத் தைத்திருக்கும் நூல் ஒன்று உண்டு. கைக்டௌன் பக்கத்து மணற்குன்றுகளின் நீரை வாங்கிக்கொண்டு ஹாக்ஸ பேக் என்ற சிற்றோடை, தாண்டிவிடக்கூடிய அகலத்தில், பூங்காக்களின் ஓரமாக ஊருக்குள் வருகிறது. அமைதி அரண்மனையின் தோட்டத்துக்குள் புகுந்து வெளியேறி, வழியில் சில இடங்களில் நிலத்தடிக் குழாயில் மறைந்து, கடைசியில் பினன்ஹோஃபின் சுவரைத் தொடும் ஹோஃப்ஃபைஃபர் குளத்தில் கலக்கிறது.